புளி இருந்த இடத்தில் ஒயின்

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். பள்ளி விடுமுறைக்கு மலேசியாவின் ஜொகூரில், குளுவாங் பக்கத்தில் இருந்த பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். ரப்பர் தோட்டம், வரிசையாக லயத்து வீடுகள். ஒருநாள் விடியற்காலையில் வாசலில் ஒரே பேச்சுச் சத்தம். தோட்டத்தை ஒட்டிக் காய்கறி போட்டிருந்த சீனர் ஒருவர், மரவள்ளியைத் தோண்ட வந்த காட்டுப்பன்றியை இரவில் சுட்டிருந்தார். அதில் ஒரு பின்தொடை எங்கள் பங்குக்கு வந்தது.

பெரியம்மா அதைத் தொடமாட்டார். காட்டுப்பன்றி என்றால் சமையல் ஆண்கள் பொறுப்பு. அதுவும் வீட்டுக்கு வெளியே, மூன்று கல் கூட்டிய அடுப்பில். பெரியப்பா கறியைத் துண்டு போட்டார், மஞ்சள் தடவினார், அப்புறம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒரு போத்தலிலிருந்து வெள்ளையாக எதையோ ஊற்றிப் பிசைந்தார். முந்தின நாள் கள். "காட்டு வாடைக்கு இதான்டா மருந்து. ஒங்கம்மாகிட்ட சொல்லிடாத" என்றார். நான் சொல்லவில்லை. சாயங்காலம் பெரட்டல் இறங்கியது. கறுத்து, மிளகு ஒட்டிக்கொண்டு, ஓரத்தில் கொழுப்பு மினுமினுத்தது. என் அம்மா, "எனக்குக் கொஞ்சம் போதும்" என்று இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சிங்கப்பூரின் தெம்பனிஸில் பத்தாவது மாடி வீவக வீட்டில் (அரசாங்க அடுக்குமாடி), ஜன்னலோரத்து கேஸ் அடுப்பில், நான் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். கள்ளுக்குப் பதில் ஒயின், பன்றிக்குப் பதில் மான். ஆனால் அந்த 'பதில்' என்ற சொல்லுக்கு வந்துசேர எனக்குச் சில வருடங்களும், வீணாய்ப்போன கணிசமான இறைச்சியும் பிடித்தன.

முதலில் ஒரு விஷயம். சிங்கப்பூரில் காட்டு விலங்கு இல்லாமல் இல்லை. பாசிர் ரிஸ் பக்கம் காட்டுப்பன்றிகள் குட்டிகளோடு நடந்துபோவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பார்க்கலாம், அவ்வளவுதான். வனவிலங்குச் சட்டப்படி அனுமதி இல்லாமல் பிடிக்கவோ கொல்லவோ கூடாது. 2020இல் சட்டத்தை இன்னும் இறுக்கியபோது தீனி போடுவதும் குற்றமாகிவிட்டது. ஜொகூரில் யாராவது பாசத்தோடு ஒரு தொடையைக் கட்டிக்கொடுத்தாலும், அங்கீகாரம் பெற்ற இடத்திலிருந்து வராத இறைச்சி உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைத் தாண்டாது. எனவே இங்கே 'காட்டிறைச்சி' என்று நாம் வாங்குவதெல்லாம் உறைந்த பெட்டியில் கப்பலேறி வருவது. நியூசிலாந்து மான், ஆஸ்திரேலியக் கங்காரு, பொட்டலத்தில் நான்கு நான்காக அடுக்கிய காடை. முதலை இறைச்சி இந்த ஊர் சீனர்களுக்குப் பழக்கம்தான், மூலிகை சூப்பில் போடுவார்கள். நான் ஒருமுறை ருசி பார்த்தேன். கோழிக்கும் மீனுக்கும் நடுவே முடிவெடுக்காமல் நின்றுவிட்ட சுவை. மறுபடி தேடிப் போகவில்லை.

இந்த நியூசிலாந்து மானுக்கு ஒரு கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரக் குடியேறிகள் வேட்டைச் சுகத்துக்காகச் செம்மானைக் கொண்டுபோய் அந்தக் காடுகளில் விட்டார்கள். அங்கே அதைத் தின்ன ஒரு மிருகமும் கிடையாது. பெருகி, மலைச்சரிவுகளை மொட்டையடித்து, கடைசியில் அரசாங்கமே ஆள் வைத்துச் சுடும் நிலைமை வந்தது. 1969இல்தான் மானைப் பண்ணையில் வளர்க்கச் சட்டம் இடம் கொடுத்தது. இன்று நம் ஃப்ரீசரில் இருப்பது வேலிக்குள் புல் மேய்ந்த மான். அதில் காட்டு வாடை என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இது தெரியாமல்தான் நான் முதல் தவறைச் செய்தேன். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு மான் தொடை ஒன்றரைக் கிலோ வாங்கினேன். பிரெஞ்சு முறைப்படி வேட்டை இறைச்சியைச் சிவப்பு ஒயினில் 48 மணி நேரம் ஊறவைக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். ஒரு முழு போத்தலைக் கவிழ்த்தேன். இரண்டாம் நாள் கறியை எடுத்துப் பார்த்தால், மேல்பாகம் கத்தரிக்காய்த் தோல் நிறம். உள்ளே வெட்டினால் பழைய சிவப்பு அப்படியே இருக்கிறது. ஒயினின் புளிப்பு இறைச்சிக்குள் சில மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை. போன அளவுக்கு, சதையின் புரதத்தைக் கெடுத்து மாவு மாதிரி ஆக்கிவிடும். ஊறவைப்பது பிரான்சின் வேட்டைக்காரர்களுக்குப் பொருந்தும். அவர்கள் கையில் இருந்தது நாள்கணக்கில் தொங்கவிட்ட கிழட்டு மிருகம். என் கையில் இருந்ததோ வாடையே இல்லாத சாதுவான மான். இல்லாத நோய்க்கு இரண்டு நாள் மருந்து கொடுத்திருக்கிறேன்.

அதோடு விட்டேனா? அம்மாவின் பழைய இண்டாலியச் சட்டியில் போட்டேன். புளிப்புப் பட்டதும் அலுமினியம் கொஞ்சம் கரைந்து, குழம்பில் காசை நக்கிய மாதிரி ஒரு ருசி இறங்கிவிட்டது. கறிக்குழம்பு என்ற பழக்கத்தில் தக்காளி போட்டேன், கொஞ்சம் புளியும் கரைத்து ஊற்றினேன். மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டேன். தொடையின் மேற்சதையில் கொழுப்பும் இல்லை, சவ்வும் இல்லை. வேக வேக அது நார்நாராகத்தான் போகும். அம்மா ஒரு துண்டை வெகுநேரம் மென்றார். "புளிக்கொழம்புல மரத்தூள் போட்ட மாதிரி இருக்குப்பா" என்றார். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் முட்டை பொரித்தாள்.

எனக்கு வழிகாட்டியது எந்தச் சமையல் வகுப்பும் இல்லை, எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டிதான். எழுபதைத் தாண்டியவர். எங்கள் இரண்டு வீட்டுக் கதவுகளும் பகலெல்லாம் திறந்தே கிடக்கும். இரும்புக் கிராதி மட்டும் சாத்தியிருக்கும். அவர் சமைக்கும்போது வரும் சத்தத்தை வைத்தே நேரம் சொல்லலாம். ஒருநாள் அவர் இஞ்சி போட்டுக் கோழி கிளறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஷாவோசிங் அரிசி ஒயினை எடுத்தார். கறியின்மேல் ஊற்றவில்லை. பழுக்கக் காய்ந்த குவாலியின் (இரும்பு வாணலி) விளிம்பைச் சுற்றி ஒரு வளையமாக விட்டார். இரும்பில் பட்டதும் சீறி, ஆவி எழுந்து, அடுக்களை முழுக்க வாசம். "பச்சையாகக் கறியில் ஊற்றினால் மருந்து நாற்றம் போகாது. முதலில் அதை அடிக்கணும்" என்று மலாயும் ஆங்கிலமும் கலந்து சொன்னார். அடுத்து ஒரு எச்சரிக்கையும் தந்தார். சமையலுக்கென்று பேரங்காடியில் மலிவாக விற்கும் அரிசி ஒயினில் பெரும்பாலும் உப்பு சேர்த்திருப்பார்கள், ருசி பார்க்காமல் உப்புப் போடாதே.

அந்த 'அடிக்கணும்' என்ற ஒற்றைச் சொல்லில் எனக்கு விஷயம் பிடிபட்டது. நாம் புளியை என்ன செய்கிறோம்? பச்சை வாடை போகக் கொதிக்கவிடுகிறோம். கொதித்துச் சுண்டிய பிறகுதான் மீனோ காயோ போடுகிறோம். ஒயினும் ஒரு புளிதான். பழத்திலிருந்து வந்த புளிப்பு, கொஞ்சம் துவர்ப்பு, கொஞ்சம் வாசம். அதைப் பச்சையாக விட்டால் தொண்டையில் குத்தும். தனியாகச் சுண்டவைத்தால் அடங்கும். அது சட்டியில் இருக்கும்போது தக்காளிக்கும் புளிக்கும் அங்கே வேலை இல்லை. புளியைக் கணக்குப் பார்ப்பதுபோல ஒயினைக் கணக்குப் பார்க்கத் தொடங்கியதும், பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மீதிப் பாதி, எந்தத் துண்டை வாங்குவது என்பது. மானின் முதுகுச் சதை மென்மையானது. அதற்கு ஒயினில் வேகும் தலையெழுத்து இல்லை. சூடான தோசைக்கல்லில் பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்து, அப்படியே ஆறவைத்து, நடுவில் சிவப்பு இருக்கும்போதே சாப்பிட வேண்டும். எங்கள் வீட்டில் சிவப்பைக் கண்டால் யாரும் கைவைக்கமாட்டார்கள் என்பதால் நான் அதை வாங்குவதில்லை. ஒயினுக்கு ஏற்றது தோளும் முன்னங்காலும். ஓடியாடி உழைத்த சதை, இடையிடையே வெள்ளைச் சவ்வு. இரண்டரை மணி நேரம் மெல்லக் கொதித்தால் அந்தச் சவ்வு கரைந்து பசையாகி, குழம்புக்குத் தானாகவே கொழகொழப்பு வரும். ஆட்டுக்கால் பாயா உதட்டில் ஒட்டுவதும் இதே காரணத்தால்தான்.

இப்போது நான் செய்யும் விதம் இது. தோள்கறி ஒரு கிலோவைப் பெரிய துண்டுகளாக வெட்டி, முந்தின இரவே உப்பு மட்டும் தடவிக் குளிர்பெட்டியில் திறந்து வைப்பேன். மறுநாள் ஈரத்தைத் துடைத்து, நல்லெண்ணெயில் நான்கைந்து துண்டாகச் சிவக்க வறுத்து எடுப்பேன். ஒரே தடவையில் கொட்டினால் தண்ணீர் விட்டு வெந்துவிடும், வறுபடாது. அதே சட்டியில் பட்டை, கிராம்பு, சோம்பு, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, கால் கிலோ சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு. பக்கத்து அடுப்பில் சின்னப் பாத்திரத்தில் 300 மில்லி சிவப்பு ஒயின், பாதியாகும்வரை கொதிக்கும். மல்லித்தூள் தாராளமாக, மிளகாய்த்தூள் வழக்கத்தில் பாதி. காரம் ஏறினால் ஒயினின் துவர்ப்பும் சேர்ந்து ஏறி நாக்கை உலர்த்திவிடும். சுண்டிய ஒயினை ஊற்றி, அடியில் ஒட்டியதைச் சுரண்டி, கறியைப் போட்டு, மூழ்காத அளவுக்குத் தண்ணீர். மூடி, சிறுதீ. கறி விரலால் பிய்த்தால் பிய்ய வேண்டும். அப்புறம் மூடியைத் திறந்து, பெரட்டலாகச் சுருளும்வரை கிளறி, இடித்த மிளகு. சட்டி எவர்சில்வர் அல்லது மண், வேறு எதுவும் வேண்டாம். காட்டுப்பன்றி அகப்பட்டாலும் இதே முறைதான். ஆனால் அதில் சதைக்குள் ஒளியும் புழுவின் பயம் உண்டு. உள்ளே 71 பாகை செல்சியஸ் தொடாமல் இறக்கக் கூடாது. பெரட்டலாகும் அளவுக்கு வேகவைப்பவருக்கு அந்தக் கவலை இல்லை.

என்ன ஒயின்? விலை உயர்ந்தது வேண்டாம். ஆனால் இந்த ஊரில் மலிவு என்று ஒன்று இல்லை. ஒயினில் இருக்கும் ஒவ்வொரு லிட்டர் ஆல்கஹாலுக்கும் 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தீர்வை. 13 சதவீத ஒயின் 750 மில்லி போத்தல் என்றால் தீர்வை மட்டுமே எட்டரை வெள்ளி. அதற்கு மேல் பொருள் சேவை வரி. குழம்பில் ஒரு துளியை வீணாக்கினாலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். மிச்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துவிடுவேன். அடுத்த முறைக்கு நான்கைந்து கட்டி போதும். பாதிச் சமையலில் ஒயின் தீர்ந்தால் ஓடிப்போய் வாங்கிவரலாம் என்று நினைக்க வேண்டாம். 2015இல் வந்த சட்டப்படி இரவு பத்தரைக்குமேல் கடைகளில் மது விற்கக் கூடாது. 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு வந்தது அந்தச் சட்டம். மான் வேகும் இரவுகளில் நான் ஒன்பது மணிக்கே போத்தலைத் தூக்கிப் பார்த்து அளந்துகொள்வேன்.

அம்மாவுக்கு மது என்றாலே ஆகாது. தாத்தா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சம்பளம் வாங்கிய கையோடு கள்ளுக்கடைக்குப் போய்விட்டு வந்த நாள்களைப் பார்த்து வளர்ந்தவர். ஆகவே முதல் தடவை, "வீட்டுக்குள்ள சாராயத்த ஊத்தியா சமைக்கிற?" என்று கேட்டபோது, "கொதிச்சா எல்லாம் ஆவியாப் போயிடும்மா" என்று தைரியமாகச் சொன்னேன். எல்லாரும் சொல்வதுதானே. ஆல்கஹால் 78 பாகையில் கொதிக்கும், தண்ணீருக்கு முன்னால் போய்விடும் என்று பள்ளிக்கூட விஞ்ஞானம் வேறு.

அது பொய். தெரியாமல் சொன்ன பொய், ஆனாலும் பொய். தண்ணீரோடு கலந்த ஆல்கஹால் அப்படித் தனியாகப் பிரிந்து ஓடிவிடாது. அமெரிக்க வேளாண் துறையின் பட்டியல்படி, மதுவைக் கலந்து 15 நிமிடம் கொதிக்கவிட்டால் 40 சதவீதம் உள்ளேயே இருக்கும். ஒரு மணி நேரம் என்றால் 25. இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகும் 5 சதவீதம். ஹோட்டல்களில் பெருமையாகத் தீப்பற்றவைத்துக் காட்டுகிறார்களே, அதில் 75 சதவீதம் அப்படியே மிஞ்சும். என் மான் சட்டியைக் கணக்குப் போட்டேன். 300 மில்லியில் ஏறக்குறைய 39 மில்லி ஆல்கஹால். கடைசியில் மிஞ்சுவது இரண்டு மில்லி, அதை ஆறு பேர் பங்குபோடுகிறோம். அற்பம்தான். ஆனால் வேண்டாம் என்பவருக்கு அற்பம் என்ற கணக்கு கிடையாது. அம்மாவிடம் உட்கார்ந்து சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அப்ப எனக்குத் தனியா வச்சிடு" என்றார். அன்றிலிருந்து இரண்டு சட்டி. என் இஸ்லாமிய நண்பர்கள் வரும் நாளில் ஒயினும் கிடையாது, ஒயின் கண்ட பாத்திரமும் மேசைக்கு வராது. இறைச்சியும் அவர்கள் சாப்பிடும் கடையில் வாங்கியதாக இருக்கும். இந்த ஊரில் விருந்து வைக்கத் தெரிவது என்பதில் பாதி இதுதான்.

இறைச்சியில் ஒயின் ஊற்றுவது நமக்கு அந்நியம் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. யவனர் கப்பலில் வந்த தேறல் சங்கப் பாட்டிலேயே மணக்கிறது. அரிக்கமேட்டில் அந்த மதுச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்திருக்கின்றன. அதைவிட ருசியான சாட்சி கோவாவின் விந்தாலுக் கறி. போர்த்துகீசியர் ஒயினிலும் பூண்டிலும் இறைச்சியை ஊறவைத்தார்கள், 'விஞ்ஞா தாலியோஷ்' என்று பெயர். கோவாவில் ஒயினுக்கு எங்கே போவது? கள்ளிலிருந்து இறக்கிய காடியை ஊற்றினார்கள், மிளகாய் அரைத்துப் போட்டார்கள், பெயரும் விந்தாலு ஆகிவிட்டது. ஒயின் இருந்த இடத்துக்குக் கள் வந்தது. என் பெரியப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் கையில் கள் இருந்தது, ஊற்றினார். நான் கள் இருந்த இடத்துக்கு ஒயினைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இனி மீன். யோசித்துப் பார்த்தால் சிங்கப்பூரில் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு உண்மையிலேயே காட்டுத்தனமாகக் கிடைக்கும் உணவு மீன் ஒன்றுதான். என் மச்சான் வாரம் ஒருமுறை பிடோக் ஜெட்டியில் தூண்டில் போடுகிறவன். பாதி நாள் வெறுங்கையோடு வருவான், மீதி நாள் திருக்கையோ கெளுத்தியோ. போன மாதம் இரண்டு கிலோவுக்குக் குறையாத ஒரு பாறை மீனோடு வந்து நின்றான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

கடல் மீனின் சதையில், உப்புத் தண்ணீரைத் தாங்குவதற்காக ஒரு பொருள் உண்டு. மீன் செத்த பிறகு நுண்ணுயிர்கள் அதை உடைக்க உடைக்கத்தான் கவுச்சி கிளம்புகிறது. புளிப்புப் பட்டால் அந்தக் கவுச்சி உப்பாக மாறி, காற்றில் எழாமல் அடங்கிவிடும். மீன்குழம்புக்குப் புளி, வறுத்த மீனுக்கு எலுமிச்சை, பிரெஞ்சுக்காரனுக்கு வெள்ளை ஒயின். எல்லாம் ஒரே வேலை. சிவப்பு ஒயினை மட்டும் கடல் மீனிடம் கொண்டுபோகாதீர்கள். ஒருமுறை வஞ்சிரத்தில் ஊற்றிப் பார்த்துவிட்டு, மூன்று நாள் பழைய மீனைச் சாப்பிட்டதுபோல உட்கார்ந்திருந்தேன். சிவப்பு ஒயினில் இருக்கும் இரும்புதான் அந்தக் கவுச்சியைக் கிளப்புகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். ஆனாலும் பர்கண்டியில் ஆற்று மீனையும் விலாங்கையும் சிவப்பு ஒயினில் சமைக்கத்தான் செய்கிறார்கள். செய்து பார்க்க ஆசை. விலாங்கை என் மனைவி வாசலோடு நிறுத்திவிடுவாள்.

பாறையைத் துண்டு போட்டேன். சின்ன வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய் வதக்கி, இனிப்பில்லாத வெள்ளை ஒயின் 150 மில்லி, மூன்றில் ஒரு பங்காகச் சுண்டும்வரை விட்டேன். மஞ்சள் ஒரு சிட்டிகை. பிறகு இரண்டாம் பாலில் மீனை எட்டு நிமிடம் வேகவிட்டு, தீயைக் குறைத்து, கெட்டித் தேங்காய்ப்பால். பால் ஊற்றிய பிறகு கொதி வரக் கூடாது, வந்தால் திரிந்துவிடும். எலுமிச்சை பிழியவில்லை, அந்த வேலையை ஒயின் முடித்துவிட்டது. பக்கத்தில் அம்மாவின் சட்டி. அதே மீன், ஒயின் இல்லை, கடைசியில் எலுமிச்சை.

நால்வரும் உட்கார்ந்தோம். மச்சான் தன் வீரக்கதையை மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அம்மா தன் தட்டில் பாதி சாப்பிட்டிருந்தார். திடீரென்று என் சட்டியை எட்டிப் பார்த்தார்.

"அதுல ஒரு துண்டு வையி."

"அம்மா, இதுல ஒயின் இருக்கு. சீக்கிரம் வெந்தது வேற, நெறையவே மிச்சம் இருக்கும்."

"தெரியும். வையி."

வைத்தேன். முள்ளை ஒதுக்கிவிட்டு, சோற்றோடு பிசைந்து மெதுவாகச் சாப்பிட்டார். நாங்கள் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். கொஞ்சம் குழம்பையும் ஊற்றிக்கொண்டு, என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: "ஒன் பெரியப்பா பன்னிக்கறியில என்ன ஊத்துனாருன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?"